ரோதைக்கு ஒரு முனி

தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோருக்குள் பெரிய சக்கரங்கள் சுழலத் தொடங்கிய காலத்தில் எங்கள் ஆட்கள் அவற்றுக்கும் ஒரு சாமியை வைத்தார்கள். ரோதை என்றால் சக்கரம், அதனால் ரோதை முனி என்று பெயர். ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து வைத்த மாரியம்மனைப் போல இது கடல் கடந்து வந்த தெய்வமல்ல. இந்த மலையிலேயே, இந்த வேலையிலேயே பிறந்த தெய்வம். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை எடுக்குமுன் கும்பிடக் கவ்வாத்துசாமி இருந்தார். பெல்ட்டில் சாரம் சிக்கினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும் இயந்திரத்துக்கு ரோதை முனி.

என் தாத்தா இஸ்டோரில் கொழுந்து அரைக்கும் பக்கம் வேலை செய்தவர். ரோதை முனிக்குப் படையல் போடும் நாளில் பழைய ஆட்கள் புதிதாகச் சேர்ந்த பையன்களைக் கூட்டிக்கொண்டு இயந்திரத்தைச் சுற்றி வருவார்களாம். "இங்க கை வைக்காத, இது ஓடுறப்ப கூட்டாத" என்று ஒவ்வோர் இடமாகக் காட்டுவார்களாம். கோழி அறுப்பதும் தேங்காய் உடைப்பதும் ஒரு பக்கம் நடக்க, இதுவும் நடக்கும். சாமி கும்பிட்டதால் கை தப்பியதா, சுற்றிக் காட்டியதால் தப்பியதா என்று கேட்டேன். "ரெண்டும் ஒன்னுதான் புள்ள" என்றார்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளின் போனைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தால், "அந்தக் காலத்துல கோயிலும் பெரியவங்களும் பிள்ளைகள கட்டிக் காத்தாங்க, இப்ப எல்லாம் கெட்டுப்போச்சு" என்று ஒருவராவது சொல்லாமல் இருப்பதில்லை. கட்டிக் காத்தார்களா, எப்படிக் காத்தார்கள், யாரைக் காக்காமல் விட்டார்கள் என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லயம். 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. கோப்பிக் காலத்தில் கங்காணிமார் திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கூட்டி வந்த சனம், மாத்தளைப் பாதையில் கொலராவுக்கும் பசிக்கும் பாதிப்பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்து குந்திய இடம் இது என்று பாட்டிமார் சொல்வார்கள். 1869இல் கோப்பிக்கு இலைநோய் விழுந்து, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பயிரிட்ட தேயிலை மலை முழுக்கப் பரவியபோது மலையில் பயிர் மாறியது, லயம் மாறவில்லை. ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவுக்குக் கேட்கும். பிள்ளை எங்கே போனது, யாரோடு பேசியது என்பதைத் தாய் கேட்டு அறிய வேண்டியதில்லை. பீலிக்குத் தண்ணீருக்குப் போகும்போதே அவளுக்குச் சொல்லிவிடுவார்கள். இதை ஒழுக்கம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மறைவிடமே இல்லாத ஏழ்மை அது. ஆனால் காவலாகவும் இருந்தது.

கோயில் அதன் நடுவில் இருந்தது. கோயில் பணம் சம்பளத்திலேயே, செக்ரோல் என்ற சம்பளப் பதிவில் பிடிக்கப்படும். ஆகவே கோயில் எல்லாருக்கும் சொந்தம், கமிட்டிக்காரர்களுக்கு எல்லார் வீட்டு விஷயத்திலும் தலையிட உரிமை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்தை விட்டு இரவு தங்கக்கூடாது என்பது சாமி சட்டம். பதினைந்து வயதுப் பையனுக்கு அந்தச் சட்டத்தை அப்பா சொன்னால் முறைப்பான். அம்மன் சொன்னால் கேட்பான்.

பிள்ளைகளைப் பிடித்து வைத்ததில் காமன் கூத்துக்கு நிகராக எதையும் நான் பார்த்ததில்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றினால், பௌர்ணமி வரை தோட்டத்து விடலைகள் அத்தனை பேரும் மாஸ்டரின் கையில். மாஸ்டர் என்பவர் பகலில் கவ்வாத்து வெட்டுகிறவர்தான். இரவானால் அவர் சொல்லுக்குத் தோட்டத் தலைவரே எதிர்ச்சொல் சொல்ல மாட்டார்.

எங்கள் டிவிசனில் ஒத்திகை, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் நடக்கும். ஒரு பெட்ரோமாக்ஸ். தப்பு மேளத்தைக் காய்ச்ச மூட்டிய நெருப்பைச் சுற்றிக் கிழவர்கள் போர்வையோடு. ரதியும் மதனும் ஆடப்போகிற இரண்டு பையன்கள் சலங்கை கட்டி எதிரெதிரே நிற்பார்கள். அடி தப்பினால் மாஸ்டர் கையிலுள்ள குச்சியால் தரையில் ஒரு தட்டு. அதைக் கேட்டதும் தப்பு நின்றுவிடும், எல்லாரும் அந்தப் பையனைப் பார்ப்பார்கள், அவன் முதலிலிருந்து ஆட வேண்டும். ஒரு வருஷம் மதன் ஆடிய பையன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பி, சலங்கையைக் கழற்றி வீசிவிட்டு இருட்டுக்குள் போய்விட்டான். யாரும் பின்னால் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் நெருப்பைச் சுற்றி இருந்தவர்களில் வயதான ஒருவர் எழுந்து, சிறுநீர் கழிக்கப் போகிறவர் மாதிரி அதே பக்கம் நடந்தார். இருவரும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவுமில்லை.

நான் ஆசிரியப் பயிற்சியில் பிள்ளை உளவியல் என்று என்னென்னவோ படித்தேன். அந்தக் கிழவர் எழுந்து போன விதத்தை எந்தப் பாடத்திலும் காணோம். இரவு முழுக்க வயதுப் பையன்களுக்கு உடம்பு வேர்க்க வேலை. பக்கத்தில் பெரியவர்கள், ஆனால் பெற்றவர்கள் இல்லை. கோபித்துக்கொண்டு போனால் தேடிவர ஒரு ஆள். இந்த மூன்றும் ஒரே நெருப்பைச் சுற்றி அமைந்திருந்தன. சிவன் நெற்றிக்கண்ணால் மதனை எரிக்கிற கதையைக் கட்டிளங்காளைகளைக் கொண்டே ஆடவைத்த குசும்பை வேறு சொல்ல வேண்டும்.

பெண் பிள்ளைகள்? ரதி வேஷமும் ஆண்தான் கட்டுவான். நாங்கள் அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் உட்கார்ந்து பார்த்தோம். பெரிய பிள்ளையானபின் அதுவும் குறைந்தது. பெண் பிள்ளைக்குக் கோயில் கொடுத்த காவல் என்பது வீட்டுக்குள் இரு என்பதுதான். சாதி விட்டு, தோட்டம் விட்டு ஒருத்தி ஒருவனை விரும்பினால் கோயில் முற்றத்தில் பஞ்சாயத்துக் கூடும். தப்பு எவர் பக்கம் இருந்தாலும் தலைகுனிந்து நின்றது பெண்ணின் அப்பா.

வேதக்காரர் பக்கமும் இதே மாதிரி ஒரு கட்டுமானம் உண்டு. தோட்டத் துரைமாரும் அங்கிலிக்கன் மிஷனரிகளும் சேர்ந்து 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன் உபதேசியார்களை லயம் லயமாக அனுப்பியது. டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வோர்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. அது முதலில் துரைமார் கும்பிடக் கட்டியது, கல்லறைகளில் இருப்பதும் அவர்கள் பெயர்தான். லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஞாயிறு பள்ளி. ஹட்டனில் மெதடிஸ்தர் 1892இல் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய ஹைலன்ட்ஸ் கல்லூரி. 1972இல் கண்டியில் யேசுசபைப் பாதிரியார் போல் கஸ்பர்ஸ் சத்யோதயவை ஆரம்பித்தபின், சாமியார் என்றால் பூசையோடு நின்றுவிடாமல் சம்பளம், பிரஜாவுரிமை பற்றியும் பேசுவார் என்று எங்கள் ஆட்கள் கண்டார்கள். ஹட்டன் நகரத்து முஸ்லிம் பிள்ளைகளுக்கு அஹதியா வகுப்பு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எந்த மதத்துப் பிள்ளையும் எங்கோ ஒரு பாயில் உட்கார்ந்திருந்தது.

புதிதாக வந்த கேளிக்கைகளும் கோயில் முற்றம் வழியாகத்தான் தோட்டத்துக்குள் நுழைந்தன. வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியது கோயில் திருவிழாவில். 1979இல் ஐ.டி.என்., 1982இல் ரூபவாஹினி என்று தொலைக்காட்சி வந்தபிறகு, லயத்தில் மின்சாரம் இல்லாத காலத்திலும் கார் பேட்டரியில் ஓடும் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி எங்கள் டிவிசனுக்கு வந்தது. பேட்டரியை டவுனுக்குச் சுமந்து சார்ஜ் போட்டு வருவது பையன்களின் பொறுப்பு, ஆகவே முன்வரிசை அவர்களுக்கு. வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுகிற நாளிலும் ஐம்பது பேர் ஒன்றாகப் பார்த்தோம். கூசுகிற காட்சி வந்தால் யாரோ ஒரு அப்பாயி பெரிதாக இருமுவார். அந்த இருமல்தான் எங்கள் தணிக்கைச் சபை.

இந்த இடத்தில் பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் பேச்சை முடித்துக்கொள்வார்கள். நான் முடிக்க மாட்டேன். ஏனென்றால் இந்தக் காவல் அத்தனையும் இருந்தபோதே தரகரும் லயத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். கொழும்பில் நல்ல வீடு, பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படிக்கவும் வைப்பார்கள் என்று சொல்லி, முன்பணத்தை அம்மா கையில் வைத்துச் சிறுமியைக் கூட்டிப்போவார். இருட்டில் வருகிற ஆளில்லை அவர். பட்டப்பகலில், பெரும்பாலும் சொந்தக்காரராகவோ சொந்தக்காரருக்குத் தெரிந்தவராகவோ, திருவிழாவில் விபூதி பூசிக்கொண்டு நம்மோடு நிற்கிறவராகவோ வருவார். 2009 ஆகஸ்டில் மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வீட்டுவேலைக்குப் போன இரண்டு சிறுமிகள் கொழும்பில் ஒரு கால்வாயில் சடலமாக மீட்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் டயகமையிலிருந்து போன 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்தது. மலையகம் முழுக்கக் கொதித்தது. அந்தப் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போன நாட்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இஸ்தோப்பில் நின்று கையசைத்துத்தானே அனுப்பியிருப்பார்கள்? கண் பார்த்தது. வாய் கேட்கவில்லை.

போன் எப்படி வந்தது என்று சொல்கிறேன். பிள்ளைகளின் ஆசையால் வந்ததல்ல. அம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார்கள், பிள்ளைகள் அம்மாயியிடம் வளர்ந்தார்கள். இமோவில் அம்மா முகம் தெரியும் என்பதற்காகத்தான் பெரிய திரைப் போன் பல லயக் காம்பராக்களுக்குள் முதலில் வந்தது. அம்மாயிக்கு அதைத் திறக்கத் தெரியாது, பிள்ளைதான் திறக்கும். பிறகு 2020 மார்ச்சில் கொவிட்டால் பாடசாலைகளை மூடினார்கள். பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கும் தேயிலைக்குள்ளும் ஏறினார்கள். நானே அப்படி நின்று பயிற்சித் தாள்களைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். தீபாவளி முற்பணத்தில், நகையை அடகு வைத்து, தவணைக்கு என்று எப்படியோ வீட்டுக்கு ஒரு போன் வந்தது. பாடசாலை திறந்தபிறகு போன் திரும்பிப் போகவில்லை.

படத்துணியும் டெக்கும் கோயில் முற்றத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தன. போன் நேராகப் போர்வைக்குள் போனது. அப்பாயியின் இருமல் அதற்குள் கேட்காது. தரகரும் இப்போது பஸ் ஏறி வர வேண்டியதில்லை. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பிப்போய், மியன்மாரின் மியாவடிப் பக்கத்து மோசடி முகாம்களில் சிக்கிய இலங்கை இளைஞர்களை மீட்க 2024இல் அரசாங்கம் பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்தோமே.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. ஊர், பெயர் வேண்டாம். போனில் பழகிய ஒருவன், தன்னையும் பாடசாலை மாணவன் என்று சொன்னவன், படம் கேட்டான். பிள்ளை அனுப்பியது. அடுத்த வாரத்திலிருந்து ரீலோட் கேட்டான். இல்லாவிட்டால் படத்தைத் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போடுவேன் என்றான். அம்மாயியின் மருந்துக்காசு கரைந்தது. அம்மா குவைத்தில். மாமனிடம் சொன்னால் அடிப்பார். கோயில் கமிட்டியில் சொன்னால்? பஞ்சாயத்து. பஞ்சாயத்து என்றால் முற்றத்தில் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். அவன் போட மிரட்டிய படத்தைவிட அதுதான் அவளுக்குப் பெரிய பயம். இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். அந்தப் பயத்தை அவனும் நன்றாகக் கணக்குப் போட்டிருந்தான். அவனுடைய பிழைப்பே நம்முடைய பஞ்சாயத்தை நம்பித்தான் ஓடியது.

கடைசியில் அவள் போய் நின்றது பிள்ளைக் காம்பராவில், தன்னைக் கைக்குழந்தையாகத் தூக்கி வளர்த்த அம்மாவிடம். அந்த அம்மா அதிகம் படித்தவரல்ல. "நீ கெட்ட பிள்ளை இல்ல, அவன்தான் கெட்டவன்" என்று முதலில் சொல்லிவிட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டார். இருவருமாக 1929க்கு எடுத்தோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது, தமிழிலும் பேசலாம். காசு கொடுப்பதை நிறுத்தினோம், வந்த மிரட்டல்களை அழிக்காமல் வைத்தோம்.

சட்டம் இல்லாமலில்லை. பிலிம் ரோல் காலத்திலேயே, பிள்ளைகளின் ஆபாசப் படம் கழுவ வந்தால் ஸ்டூடியோக்காரர் உடனே பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்று தண்டனைச் சட்டக்கோவையில் 1990களில் சேர்த்தார்கள். 2006 திருத்தத்தில் கணினிச் சேவை நடத்துபவர்களுக்கும் கடமை வந்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்று. பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பெரியவர்களின் வாயைக் கட்ட வந்தது என்று அதன்மேல் பெரிய வழக்காடல், அது தனிக் கதை. ஆனால் ஹட்டன் பொலிசுக்கு ஒரு பிள்ளை போவதற்கு முன், லயத்தில் ஒரு ஆளிடம் வாய் திறக்க வேண்டும். அந்த முதல் ஆளைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. கோயிலால் முடியும், சர்ச்சால் முடியும். ஏனென்றால் பிள்ளைகள் வாராவாரம் வந்து உட்காருவது அங்கேதான்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் கோயில் கமிட்டியில் நான் ஒரு விஷயத்துக்காகத்தான் மல்லுக்கட்டினேன். போன் பற்றிய எதுவும் பஞ்சாயத்துக்கு வரக்கூடாது. தலைவர் சம்மதிக்கவில்லை. "தோட்டத்துல நடக்கிறது கமிட்டிக்குத் தெரியாம இருக்கலாமா டீச்சர்?" என்றார். அவர் கெட்டவரல்ல, அவருடைய அப்பா காலத்து வழக்கம் அது. மாதர் சங்கத் தலைவி எழுந்து, "ஒங்க மகளுக்கு நடந்தா முற்றத்துல நிறுத்துவீங்களா அண்ணே?" என்று கேட்டார். கூட்டம் அன்று அதோடு கலைந்தது, தீர்மானம் அடுத்த கூட்டத்தில் நிறைவேறியது. பிள்ளைக் காம்பரா அம்மாவும் சர்ச் ஞாயிறு பள்ளி எடுக்கிற ஒரு அக்காவும் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிற ஆட்கள். எந்த மதத்துப் பிள்ளையும் எவரிடமும் போகலாம். 1929 என்று கோயில் மண்டபச் சுவரில் திருவிழா வரவு செலவுக்குப் பக்கத்தில் எழுதியாயிற்று. அறநெறி வகுப்பில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெரிய பிள்ளைகள் போனோடு வந்து, அம்மாயிமாருக்கு அதைத் திறந்து காட்டிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். யார் யாருக்குப் படிப்பிக்கிறார்கள் என்று பார்க்க வேடிக்கையாக இருக்கும். எந்த இடத்தில் யார் பூட்டலாம், யாரைத் தடுக்கலாம் என்று காட்டும்போதே பிள்ளையும் கற்றுக்கொள்கிறது.

மாஸ்டரும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். ஒத்திகை தொடங்குமுன் எல்லாருடைய போனும் சுளகில் விழ வேண்டும், முடிந்தபின்தான் கைக்கு வரும். பையன்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் மாஸ்டரின் போனும் அதே சுளகில்தான். சுளகு சும்மா வெளிச்சம் போட்டுக்கொண்டே கிடக்கும்.

பெண் பிள்ளைகளைக் கூத்தில் சேர்ப்பது மட்டும் இன்னும் இழுபறி. ரதி வேஷம் பெண்ணுக்கு இல்லை என்பதில் மாஸ்டர் அசையவில்லை. பாட்டுக்கும் தப்புக்கும் வரட்டும் என்று இறங்கி வந்தார். தாய்மார் கேட்டது வேறு: ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளை யார் வீடு சேர்ப்பது? இரண்டு பெண்கள் டோர்ச்சோடு கூடப் போகிறோம் என்று முன்வந்தார்கள். ஆனால் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு நிற்க வேண்டியவர்கள் அவர்கள், ஆகவே ஒன்பதுக்கு முடிக்கச் சொன்னார்கள். ஒன்பதுக்கு முடித்தால் கூத்தே தேறாது என்றார் மாஸ்டர். இந்த மாசிக்குச் சனி, ஞாயிறு மட்டும் பத்து மணி, மற்ற நாள் பெண் பிள்ளைகளுக்கு எட்டரை என்று பேசி வைத்திருக்கிறது. தப்பு இரண்டு கூடுதலாகச் செய்ய வேண்டும்; அந்தக் காசைக் கோயில் பணத்தில் எடுக்கலாமா என்பதைக் கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை.